மூன்று மணிக்குப் பிறகு

சிகாகோ என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்களுக்கு ஒரு விஷயந்தான் ஞாபகத்துக்கு வரும். 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி அந்நகரில் கூடிய சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் எழுந்து நின்று பேசினார் அல்லவா? அவர் பேசிய கட்டடம் மிச்சிகன் அவென்யூ என்னும் பெருவீதியில் இன்றும் இருக்கிறது. இப்போது அது ஒரு சித்திரசாலை. அதன் வாசலிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால், நகரத்தின் நடுநாயகமான கடைவீதியில் ஒரு மனை வரும். ஊரை முதன்முதலில் அளந்து பிரித்தவர்கள் இட்ட எண்ணே அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது: "37-ஆம் மனை". நேயர்களை நாம் இன்று அழைத்துச் செல்ல விரும்புவது அந்த இடத்துக்குத்தான்.

1989-ல் அம்மனையிலிருந்த பழைய கட்டடங்களை ஒன்று நீங்கலாக எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். வானளாவும் மாளிகைகள் எழும்பப் போகின்றன என்று பேச்சு பலமாக அடிபட்டது. மாளிகையோ எழும்பவில்லை. ஒரு பக்கம் நியாயஸ்தலம், மறு பக்கம் பெரிய பெரிய ஜவுளி மாளிகைகள். நடுவில், முன்பல் விழுந்த வாயைப் போல அந்த மனை வெறிச்சோடிக் கிடந்தது. 1991-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அங்கே திடீரென்று கூடாரங்கள் முளைத்தன. கூடாரங்களுக்குள் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த பிள்ளைகளும் பெண்களும் சாயக் கிண்ணமும் தூரிகையுமாக உட்கார்ந்து, மர விசிப்பலகைகளுக்குச் சித்திர வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் கைதேர்ந்த ஓவியர்கள் இருந்து வேலை காட்டிக் கொடுத்தார்கள். கடைக்கு வந்த ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலர் பணம் கொடுத்துப் பலகைகளை வாங்கியும் போனார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் இரண்டு பெண்மணிகள். ஒருவர் நகர மேயரின் மனைவி ஸ்ரீமதி மாகி டேலி. மற்றவர் நகரசபையின் கலாசார இலாகாவை நிர்வகித்த ஸ்ரீமதி லோயிஸ் வைஸ்பர்க். "சும்மா கிடக்கும் மனை, சும்மா இருக்கும் பிள்ளைகள், இரண்டையும் ஏன் சேர்த்து வைக்கக் கூடாது?" என்ற எளிய யோசனைதான். "காலரி 37" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அங்கு வந்த பிள்ளைகளுக்கு மாணவர் என்ற பட்டம் இல்லை. தொழில் பழகுகிறவர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். அதற்குத் தக்கபடி கூலியும் உண்டு.

கோடை விடுமுறையில் தொடங்கிய இந்தக் காரியம், 2000-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களுக்கும் விரிந்தது. "ஆப்டர் ஸ்கூல் மாட்டர்ஸ்" என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. இது இரு பொருள் படும் பெயர். "பள்ளி விட்ட பிறகு உள்ள விஷயங்கள்" என்றும் சொல்லலாம். "பள்ளி விட்ட பிறகு உள்ள நேரமும் முக்கியந்தான்" என்றும் சொல்லலாம். சிலேடை நம் புலவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல போலும்!

தெருவில் இருக்கும் அபாயம்

பள்ளி விட்ட பிறகு என்னதான் நடந்துவிடும் என்று நேயர்கள் கேட்கலாம். நம் வீடுகளில் பையன் நாலு மணிக்கு வருகிறான்; தாயாரோ பாட்டியோ பலகாரம் எடுத்து வைக்கிறார்கள்; பிறகு விளையாட்டு, விளக்கு வைத்ததும் படிப்பு. சிகாகோவின் தெற்கு வட்டாரத்திலும் மேற்கு வட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்த நேரத்தில் கதவு பூட்டியிருக்கும். அமெரிக்க நாட்டுப் போலீஸ் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் செய்யும் வன்குற்றங்கள் இரவு ஏற ஏற அதிகமாகின்றன. சிறுவர்கள் செய்யும் வன்குற்றங்களோ, பள்ளிக்கூட நாட்களில், மாலை 3 மணிக்கு மணி அடித்த அடுத்த ஒரு மணி நேரத்தில்தான் உச்சத்தை எட்டுகின்றன. விடுமுறை நாட்களில் அந்த மூன்று மணி உச்சம் காணப்படுவதில்லை. இருட்டல்ல, கேட்பாரற்ற பகல்தான் சிறுவர்களுக்குப் பொல்லாதது என்று தெரிகிறது.

செய்கிறவர்கள் மட்டுமல்ல, அடிபடுகிறவர்களும் சிறுவர்களே. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிகாகோவின் தென்கோடியில் உள்ள பெங்கர் உயர்நிலைப் பள்ளியில் படித்த 16 வயதுப் பையன் ஒருவன், பள்ளி விட்டு வரும் வழியில் இரண்டு கோஷ்டிகளின் சண்டைக்கு இடையே அகப்பட்டு, பட்டப்பகலில் கட்டையால் அடித்துக் கொல்லப்பட்டான். நன்றாகப் படித்துவந்த பிள்ளை. யாரோ எடுத்த சலனப் படம் உலகெங்கும் பரவியது. அதன் பிறகுதான் நகரசபையார் விழித்துக்கொண்டு, பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் தெரு முனைகளில் அந்தந்தப் பேட்டைப் பெரியவர்களைப் பளிச்சென்ற மேற்சட்டை அணிவித்து நிறுத்தலானார்கள்.

இத்தகைய பிள்ளைகளை அமெரிக்கர் "அபாயத்தில் உள்ளவர்கள்" என்று ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிள்ளையே அபாயமானவன் என்று பொருள் பண்ணிக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. அபாயம் அவன் நடந்து போகும் தெருவில் இருக்கிறது. அந்தத் தெரு அப்படி ஆனதற்கும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் சிகாகோ என்றால் எஃகு ஆலைகளும் மாட்டிறைச்சித் தொழிற்சாலைகளுமே. மகன் தகப்பனுடன் ஆலைக்குப் போனான்; மாமன் வேலை கற்றுக் கொடுத்தான்; மேஸ்திரியிடம் சொல்லி இடம் வாங்கித் தந்தான். 1971-ல் பெரிய மாட்டுச் சந்தையும் அதைச் சார்ந்த முற்றமும் மூடப்பட்டன. 1980-ல் விஸ்கான்ஸின் எஃகு ஆலை மூடியது. 1992-ல் ஏரிக்கரையிலிருந்த மாபெரும் "சவுத் ஒர்க்ஸ்" ஆலையும் நின்றுவிட்டது. சிகாகோ சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜூலியஸ் வில்ஸன் 1996-ல் வெளியிட்ட நூலில் இதை விஸ்தாரமாக எழுதினார். சம்பளம் போனது ஒரு நஷ்டம். காலையில் எழுந்து குறித்த நேரத்தில் வேலைக்குப் போகும் மனிதர்களைப் பிள்ளைகள் கண்ணால் காணும் வாய்ப்பும் போயிற்று என்பது இரண்டாவது நஷ்டம். நம் கருத்தில் இரண்டாவதே பெரிது.

சிகாகோ நகரத்தார் இவ்விஷயத்தில் புதியவர்கள் அல்லர். 1889-ல் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழி எல்லென் கேட்ஸ் ஸ்டாரும் ஏழைகள் வசித்த பேட்டையின் நடுவே "ஹல் ஹவுஸ்" என்ற இல்லத்தை நிறுவி, வேலை செய்யும் பையன்களுக்கும் பெண்களுக்கும் மாலைச் சங்கங்கள் நடத்தினார்கள். சிறுவர்களை வயதுவந்த குற்றவாளிகளோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்று, 1899-ல் அமெரிக்காவிலேயே முதலாவது சிறுவர் நீதிமன்றம் அந்நகரில்தான் ஏற்பட்டது. 1909-ல் ஆடம்ஸ் அம்மையார் நகரத் தெருக்களையும் இளைஞர்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதி, வாலிபத்துக்கு இயல்பான சாகச ஆசைக்கு நகரம் நல்ல வழி எதுவும் காட்டாமல் இருப்பதே பல குற்றங்களுக்கு வேர் என்று வாதாடினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்த வாதத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கூலி கொடுத்துக் கற்பிப்பதா?

இப்போது காரியம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தாமே மனுப் போட்டு இதில் சேருகிறார்கள். பள்ளிக்கூடங்கள் மாலையில் அறைகளைத் திறந்துவிடுகின்றன; நகரப் பூங்கா இலாகா நீச்சல் குளங்களையும் மைதானங்களையும் தருகிறது; பொது நூல்நிலையங்களும் இடம் கொடுக்கின்றன. கட்டடத்துக்கென்று பெருஞ்செலவு இல்லை. இருப்பதைப் பூட்டி வைக்காமல் திறந்து வைப்பதே பெரிய பாதி.

சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி உபாத்தியாயர்கள் அல்லர்; அந்தந்தத் தொழிலையே செய்து ஜீவிக்கிறவர்கள். ஓவியர், நடனக்காரர், பத்திரிகை எழுத்தாளர், சமையல் நிபுணர், கம்ப்யூட்டர் வல்லுநர் என்று பல வகை. நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு உயிர்காப்பாளர் பயிற்சி கொடுத்து, கோடையில் ஏரிக்கரையிலும் குளங்களிலும் வேலை பெறத் தகுதியாக்குவதும் உண்டு. நம்மூர்த் தச்சுப் பட்டறையில் எடுபிடியாகச் சேரும் சிறுவனை நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் உளியைத் தொட விடமாட்டார்கள். ஆனால் ஆசாரி எப்படி மரத்தைத் தட்டிப் பார்க்கிறார், வாடிக்கைக்காரரிடம் எப்படிப் பேசுகிறார், சொன்ன நாளுக்குள் எப்படி முடிக்கிறார் என்பதை அவன் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பார்வைதான் இங்கே விலையுயர்ந்த சரக்கு. முடிவில் ஏதாவது ஒன்று உருவாகியே தீரவேண்டும் என்பது வழக்கம்: ஒரு சுவர்ச் சித்திரம், ஒரு நாடகம், ஒரு பத்திரிகை. பிறர் பார்க்கும்படியான ஒன்று.

பின்னர் நாம் சொல்லப்போகும் ஆராய்ச்சி நடந்த காலத்தில், வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 3 மணி நேரம், பருவத்துக்கு 10 வாரம் என்று கணக்கு. இரண்டு பருவமும் வருகிற பிள்ளைக்கு வருஷத்தில் 180 மணி நேரம். மணிக்குச் சுமார் 5 டாலர் வீதம் கூலி கிடைத்தது. வராத நாளுக்கு இல்லை.

இந்தக் கூலி விஷயத்தில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "வித்தை கற்றுக் கொடுக்கிறவனுக்கல்லவா தக்ஷிணை? கற்றுக்கொள்கிறவனுக்குச் சம்பளமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நிலைமையை ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டும். பதினாறு வயதுப் பையன் வீட்டில் பணம் கேட்க வழியில்லை. மாலையில் பலகாரக் கடையில் தட்டுக் கழுவினால் காசு வரும். தெருமுனைக் கோஷ்டிக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைவிட அதிகமாக வரும். சித்திரம் எழுத வா என்று கூப்பிடுகிறவர், பஸ் சத்தமும் பூட்ஸ் விலையுமாவது கொடுக்காமற் போனால், வரக்கூடியவன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே. யாருக்காக ஏற்பட்டதோ அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். நம் நாட்டிலேயே ஏழை மாணவருக்கு உபகாரச் சம்பளம் என்று கொடுத்து வந்திருக்கிறோம். பெயரில்தான் வித்தியாசம்.

கூலியில் வேறொரு சூட்சுமமும் இருக்கிறது. கூலி பெறுகிறவனிடம், "நீ பத்து நிமிஷம் தாமதித்து வந்தாய்" என்று சொல்ல உரிமை உண்டு. தர்மத்துக்கு வருகிறவனிடம் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவான்.

நடத்துகிறவர்களுக்குத் தலைவலி குறைவல்ல. வயதில் பெரிய பெண்ணுக்கு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்துவிடும், நின்றுவிடுவாள். ஒரு பையன் தன் பேட்டைக்கு ஆகாத கோஷ்டியின் தெருவைத் தாண்டித்தான் வகுப்புக்கு வரவேண்டியிருக்கும். வரமாட்டான், காரணமும் சொல்லமாட்டான். மாரிக்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற ஊர் அது. ஆறு மணிக்கு முடித்துப் பிள்ளைகளை எப்படி வீடு சேர்ப்பது? நல்ல ஓவியர் எல்லாரும் நல்ல ஆசிரியராகவும் இருந்துவிடுவதில்லை. இவற்றை எண்ணாமல் வெறும் உற்சாகத்தோடு தொடங்கும் காரியங்கள் தீபாவளி மத்தாப்புப் போலத்தான்.

சீட்டுக் குலுக்கிப் பார்த்த சோதனை

நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியத்தைப் பரிசோதித்துப் பார்ப்பானேன் என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. சிகாகோவில் அப்படி நினைக்கவில்லை. பக்கத்திலுள்ள நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலைப் பேராசிரியர் பார்ட்டன் ஹிர்ஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் பத்துத் தொழில்பழகு வகுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். மனுப் போட்ட 535 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரு பகுதியாக்கினார்கள். ஒரு பகுதிக்கு இடம் உண்டு, மற்றதற்கு இல்லை. இது கொடுமையல்லவா என்றால், எல்லாருக்கும் இடம் இல்லாதபோது, சிபாரிசுக்குக் கொடுப்பதைவிடச் சீட்டுக்குக் கொடுப்பது கௌரவமானது என்பதே எம் கட்சி.

2011-ல் முடிவு வெளியாயிற்று. வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் போதைச் சரக்கு விற்பது, கோஷ்டிகளில் சேர்வது முதலிய தீய காரியங்களில் மற்றவரைவிடக் குறைவாகவே ஈடுபட்டார்கள். தங்கள் மனத்தைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் சக்தியும் சற்று உயர்ந்திருந்தது. இதுவரை சந்தோஷமான சமாசாரம். ஆனால் பள்ளிப் படிப்பில் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. எந்த நோக்கத்தோடு தொழில்பழகு என்று பெயர் வைத்தார்களோ, அந்த வேலைத் திறமையிலும் வேற்றுமை தோன்றவில்லை!

அதை எப்படி அளந்தார்கள் என்பது ருசிகரமானது. பெரிய கம்பெனிகளில் ஆள் எடுத்துப் பழகிய உத்தியோகஸ்தர்களின் துணையோடு பொய்ப் பேட்டி ஒன்று நடத்தினார்கள். உண்மையான வேலைக்கு வந்தவரைப் போலவே ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். இவன் வகுப்புக்குப் போனவனா, போகாதவனா என்பது பேட்டி காண்பவருக்குத் தெரியாது. மார்க்குப் போட்டுப் பார்த்தால் இரு பகுதியாரும் ஒரே தரத்தில் நின்றார்கள்.

ஒரு வருஷ உழைப்பு வீண்தானா? அப்படிச் சொல்வதற்கில்லை. சீட்டு விழாத பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வேறு சங்கத்திலோ விளையாட்டிலோ சில்லறை வேலையிலோ சேர்ந்துகொண்டார்கள். ஆகையால் இது மருந்துக்கும் பட்டினிக்கும் நடந்த போட்டியல்ல. ஒரு மருந்துக்கும் வேறு மருந்துகளுக்கும் நடந்த போட்டி. அதோடு வேறொரு விஷயமும் உண்டு. வேலை தெரிந்திருப்பது ஒன்று. தெரியும் என்று அந்நியர் முன்னிலையில் எடுத்துச் சொல்லத் தெரிந்திருப்பது வேறு. நம் வீட்டுப் பிள்ளைகளையே பாருங்கள். கல்யாணப் பந்தியில் ஐந்நூறு பேருக்குப் பரிமாறி, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் அனுப்பிவைக்கிற பையன், உத்தியோகப் பேட்டியில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் "ஒன்றும் தெரியாது, ஸார்" என்பான். அடக்கம் நல்லதுதான், ஆனால் அந்த மேஜையின் எதிரே அது செல்லுபடியாவதில்லை.

ஹிர்ஷ் தம் ஆராய்ச்சியை அத்தோடு விடவில்லை. பேட்டி கண்டவர்கள் எவற்றைக் கேட்க விரும்பினார்கள் என்பதைத் திரட்டி, பிள்ளைகளுக்குப் பேட்டிப் பயிற்சி கொடுக்கும் முறையிலே இறங்கினார். 2015-ல் அவர் வெளியிட்ட நூல் இதைப் பற்றியதே. தோல்வி என்று வந்த முடிவை மறைக்காமல் அச்சிட்டு, அதிலிருந்தே அடுத்த வேலையைத் தொடங்கியது எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதே நகரில் நடந்த மற்றொரு சோதனையும் இதோடு ஒட்டியது. 2012-ஆம் ஆண்டுக் கோடையில், வன்முறை மிகுந்த 13 பள்ளிகளிலிருந்து 1,634 பிள்ளைகள் மனுச் செய்தார்கள். சீட்டில் தேறியவர்களுக்கு 8 வாரம் பகுதி நேர வேலை. மணிக்கு 8 டாலர் 25 சென்ட் கூலி. கூடவே வழிகாட்ட ஒரு பெரியவர். அடுத்த 16 மாதத்தில் அவர்களிடையே வன்குற்றத்துக்காகக் கைதானவர்களின் தொகை மற்றவர்களைவிட 43 சதவிகிதம் குறைவாக இருந்தது. ஸாரா ஹெல்லர் என்ற அம்மையார் 2014-ல் இதை வெளியிட்டார். அந்தக் குறைவில் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு ஏற்பட்டது என்பதுதான் ஆச்சரியம். வேலையில் இருந்ததால் சண்டைக்கு நேரமில்லாமல் போயிற்று என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. பிள்ளைகளின் மனத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

எது மாறுகிறது என்பதற்கு ஒரு சிறு விளையாட்டை உதாரணம் காட்டலாம். "பிகமிங் எ மேன்", அதாவது ஆண்மகனாதல், என்ற பெயரில் சிகாகோப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை பையன்களைக் கூட்டிவைத்து நடத்தும் பயிற்சி ஒன்று உண்டு. இது பள்ளி நேரத்திலேயே நடப்பது. முதல் நாள் இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுக்கிறார்கள். "முப்பது விநாடிக்குள் அவனிடமிருந்து பந்தை வாங்கு" என்று மற்றவனுக்கு உத்தரவு. உடனே மல்யுத்தம் ஆரம்பமாகிவிடும். விரலை முறுக்குவார்கள், கையைக் கடிக்காத குறை. பிறகு நடத்துகிறவர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை?" கேட்டால் கொடுத்திருக்கமாட்டான், தன்னைக் கோழை என்று எண்ணியிருப்பான் என்பான் ஒருவன். மற்றவனைத் திரும்பிக் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான். இந்தப் பயிற்சியையும் சீட்டுக் குலுக்கிச் சோதித்திருக்கிறார்கள். பயிற்சி நடந்த காலத்தில் வன்குற்றக் கைதுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நின்ற பிறகு அந்தப் பலன் நீடித்ததாகத் தெரியவில்லை.

பாதியில் விட்டுப் போகிறவர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒரு பெரியவர். சம்பளத்துக்கோ, சம்பளமில்லாமலோ, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்து நிற்கிறவர். இதைப் படிக்கும் நேயர்களில் சிலருக்குத் தாங்களும் இப்படி ஒரு பிள்ளைக்குத் துணையிருக்கவேண்டும் என்று தோன்றலாம். அவர்களுக்காக, சிகாகோவை விட்டு வெளியே வந்து, இரண்டு சமாசாரங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் டாக்டர் ரிச்சர்டு காபட் என்ற தயாள குணமுள்ள வைத்தியர் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினார். ஏழைப் பேட்டைகளிலிருந்து 506 சிறுவர்களைத் தேர்ந்து, ஒத்த நிலையிலுள்ள இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவனுக்கு மட்டும் ஆலோசகரை நியமித்தார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடத்தில் உதவுவார், கோடை முகாமுக்கு அனுப்புவார். சராசரி ஐந்து ஆண்டு இது நடந்தது. முப்பது ஆண்டுக்குப் பிறகு ஜோன் மக்கார்டு என்ற அம்மையார் அந்த மனிதர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, 1978-ல் எழுதினார். உதவி பெற்றவர்கள் பலர் தங்கள் ஆலோசகரை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் மீண்டும் மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், இளவயதில் மாண்டவர்கள் ஆகியோர் உதவி பெற்ற பகுதியிலேதான் அதிகம்! பிற்பாடு நுணுகிப் பார்த்தபோது, கோடை முகாமுக்குப் பலமுறை அனுப்பப்பட்டவர்களிடையே கெடுதல் மிகுதி என்று கண்டார். துஷ்டத்தனமுள்ள பையன்களை ஒன்றாகக் கூட்டிவைத்தால், பெரியவர் கற்றுக் கொடுப்பதைவிட ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்வது அதிகமாகிவிடுகிறது. மாலை வகுப்புகளுக்கு அபாயத்தில் உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், வருகிற எல்லாப் பிள்ளைகளையும் கலந்து சேர்ப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது சமாசாரம். 1904-ல் நியூயார்க் சிறுவர் நீதிமன்றக் குமாஸ்தா எர்னஸ்ட் கூல்டர் என்பவர், தம் கண்முன் வந்து நிற்கும் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு நல்ல மனிதர் அண்ணனாக இருக்க முன்வரவேண்டும் என்று கோரிக்கை விடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே அமெரிக்காவின் பெரிய அண்ணன், பெரிய அக்காள் இயக்கம். அதில் சேர்ந்த சிறுவர்களை ஆராய்ந்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002-ல் வெளியிட்டது இது: அண்ணனோ அக்காளோ ஒரு வருஷத்துக்கு மேல் நிலைத்திருந்த பிள்ளைகள் பல வகையில் தேறினார்கள். மூன்று மாதத்துக்குள் உறவு அறுந்துபோன பிள்ளைகளுக்கோ, தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருந்த மதிப்பே முன்னிருந்ததைவிடக் குறைந்துவிட்டது. அவர்கள் வாழ்க்கையில் விட்டுப் போனவர்கள் முன்பே பலர். அந்த வரிசையில் இன்னொருவர்; அவ்வளவுதான்.

ஆகவே, இத்தகைய துணைக்கு ஆள் எடுக்கும் சங்கத்தார் குறைந்தது ஓராண்டு வாக்குக் கேட்பதை யாரும் அதிகப்படியாக நினைக்கவேண்டாம். உத்தியோக மாற்றல் எதிர்பார்க்கிறவர், பரீட்சைக்குப் படிக்கும் காலேஜ் மாணவர், வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறவர், எவ்வளவு நல்ல மனம் படைத்தவரானாலும், ஒரு பிள்ளையைத் தம் பொறுப்பில் ஏற்காமல் இருப்பதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உபகாரம். அவர்களுக்கும் வேலை இல்லாமற் போகவில்லை. கணக்கு எழுதலாம். சிற்றுண்டி ஏற்பாட்டைக் கவனிக்கலாம். தம் பட்டறையையோ ஆபீசையோ ஒரு மாலை திறந்து காட்டலாம். முப்பது வருஷம் ஆபீஸில் இருந்து ஆள் எடுத்துப் பழகிய பென்ஷன்தாரர் என்றால், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக எதிரில் உட்கார வைத்து, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுப் பழக்கலாம், சொல்லத் திணறினால், மறுபடியும் வெளியே போய்க் கதவைத் தட்டி உள்ளே வரச் சொல்லலாம். அதற்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.